விடுமுறையில் ஒரு வேளை சமைக்காத சாப்பாடு: கையைக் கடிக்காமல் செய்வது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கினால் டிசம்பர் முடியும்வரை பிள்ளைகள் வீட்டில்தான். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அடுப்பு மூட்டுவதில்லை. இது வெளியே தெரிந்ததிலிருந்து பக்கத்து வீட்டார், அலுவலகத் தோழிகள், நாத்தனார், கோயிலில் பார்ப்பவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை, வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிற ஆள். உடம்புக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் 12ஆம் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

1. "பச்சையா சாப்பிடுறதுன்னா அடுப்பே மூட்டக் கூடாதா?"

முழுமூச்சாகக் கடைப்பிடிப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது சொச்சம் டிகிரிக்கு மேல் சூடு கண்ட எதையும் தொட மாட்டார்கள். ஊரில் இயற்கை உணவுக்காரர்கள் தேங்காயும் வாழைப்பழமுமாக நாளை ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தனி ஆளாக இருந்தால் அது அவரவர் பாடு. வளரும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் அது சரிப்படாது, செலவும் எகிறும்.

நான் சொல்வது ஒரே ஒரு வேளை. காலையில் வழக்கம்போல இட்லியோ ரொட்டியோ, இரவில் சோறு குழம்பு. பகலுக்கு மட்டும் சமைக்காதது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வேளைக்குத்தான்.

தயிர் காய்ச்சிய பாலில் உறை ஊற்றியது, அவல் சூடுகாட்டித் தட்டியது, அதெல்லாம் எப்படிப் பச்சை உணவாகும் என்று கேட்பவர்களும் உண்டு. கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதுகூட ஓட்டிலிருக்கும் அரிக்கும் எண்ணெய்க்காக ஏற்கெனவே வெந்தோ வறுபட்டோ வந்ததுதான். அந்த அளவுக்குக் கறார் பார்த்தால் நம் வீட்டில் எதுவும் நடக்காது. நாம் அடுப்பு மூட்டவில்லை, தட்டில் முக்கால்வாசி பச்சை. எனக்கு அது போதும்.

2. "ஏன் லீவுல போய் ஆரம்பிக்கணும்? சும்மா இருக்கிற நாள்ல செய்யலாமே?"

பள்ளி நாட்களில் பிள்ளைகள் பகலில் பள்ளி கேன்டீனில் சாப்பிட்டுவிடுவார்கள். விடுமுறையில்தான் அந்த வேளை நம் தலையில் விழுகிறது. உணவங்காடி நிலையத்துக்குப் போனால் ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு ஐஸ் மைலோ. நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் இருபது வெள்ளி நோட்டு ஒன்று போய்விடும். அப்படி ஆறு வாரம்.

இன்னொன்று, வேலையைப் பங்கு போடலாம். எண்ணெய்ச் சட்டி பக்கம் விட முடியாத பிள்ளையைக் கேரட் துருவ உட்கார வைக்கலாம், பயத்தங்காயைக் கையால் ஒடிக்கச் சொல்லலாம். அரை மணி நேரமாவது கைப்பேசி கீழே இருக்கும்.

3. "சாலட் இலை ஒரு பாக்கெட்டே அந்த விலை விக்குதே, எப்படிக் கட்டுப்படியாகும்?"

கட்டுப்படியாகாது. அதனால்தான் அதை வாங்காதீர்கள் என்கிறேன். சமைக்காத உணவு என்றதும் கழுவிப் பாக்கெட்டில் அடைத்த ராக்கெட் இலை, அவகாடோ, புளூபெரி, சியா விதை என்று மனம் போகிறது. எல்லாம் தூர தேசத்திலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஏறி வருபவை. சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது என்றாலும் எல்லாமே தூரத்திலிருந்து வருவதில்லை. வெள்ளரிக்காய், பயத்தங்காய், தக்காளி, முட்டைக்கோஸ், கொய்யா, பப்பாளி, அன்னாசி, வாழைப்பழம் என்று நிறைய மலேசியாவிலிருந்து லாரியிலேயே வந்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல். ஆண்டிறுதி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். மலேசியத் தோட்டங்களில் அடைமழை பெய்தால் முதலில் அடிபடுவது கீரையும் இலைக்காய்களும். விலை ஏறும், வாங்கி வந்தாலும் மறுநாளே அழுகும். அந்த வாரங்களில் இலையை விட்டுவிட்டுக் கேரட், முட்டைக்கோஸ், வெள்ளை முள்ளங்கி, அப்புறம் ரொஜாக் என்கிற காய்பழக் கலவையில் போடுகிற வெள்ளைக் கிழங்கு, மலாய்க்காரர்கள் பெங்குவாங் என்பார்களே, அந்தப் பக்கம் போங்கள். கேரட்டும் முட்டைக்கோஸும் சீனாவிலிருந்தும் வருவதால் ஜொகூர் மழை அவற்றை அவ்வளவாகத் தொடாது. குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், மேல்நாட்டு சாலட்டை மறந்துவிடுங்கள். பச்சடி, கோசம்பரி, ரொஜாக், உலாம் என்று இந்த வட்டாரத்துக்காரர்கள் காலங்காலமாகப் பச்சையாகச் சாப்பிட்டு வந்ததைச் சாப்பிடுங்கள். செலவு தன்னால் இறங்கும்.

4. "தேக்காவா, பேரங்காடியா, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையா? எங்க மலிவு?"

பாசிர் பாஞ்சாங்கில் பெட்டிக் கணக்கு, கூடைக் கணக்கு. அண்ணன் வீடு, தம்பி வீடு, பக்கத்து வீடு என்று மூன்று நான்கு குடும்பம் பங்கு போட்டால் லாபம். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி தக்காளி வாங்கினால் பாதி குப்பைக்குத்தான்.

லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தையில் தேங்காய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, வல்லாரை, மாங்காய், எலுமிச்சை வாங்கலாம். காலை பதினொன்றுக்கு மேல் போனால் கொஞ்சம் வாடியதைக் குவியலாக வைத்து இறக்கிக் கொடுப்பார்கள். அன்றைக்கே நறுக்கப் போகிறீர்கள் என்றால் வாடல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்காக மட்டும் ஈசூனிலிருந்து ரயிலேறி வருவது வீண். உங்கள் புளோக் பக்கத்து ஈரச்சந்தையே போதும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். சின்னக் கடைகள் பலவற்றில் ஜிஎஸ்டி கிடையாது, ஏனென்றால் ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பேரங்காடியில் 9 விழுக்காடு விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் கேரட், ஆப்பிள், வாழைப்பழம் சலுகையில் போடும்போது பேரங்காடி சந்தையை அடித்துவிடும். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு தருகிற சிடிசி பற்றுச்சீட்டு கையில் இருந்தால், பேரங்காடிக்கு ஒதுக்கிய பாதியில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிவிடுங்கள். மற்ற பாதி உணவங்காடிக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும் உரியது. ஈரச்சந்தைக் காய்கறிக் கடையில் பற்றுச்சீட்டை ஏற்பதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அங்கே செலவழிக்கலாம். பலர் இந்தப் பாதியை வெளிச் சாப்பாட்டிலேயே தீர்த்துவிடுகிறார்கள்.

5. "வயிறு நிறையுமா? எங்க வீட்டுக்காரரு ஒரு மணி நேரத்துல பிஸ்கட் டின்னைத் தேடுறாரு"

அவர்மேல் தப்பில்லை. 100 கிராம் வெள்ளரிக்காயில் இருப்பது 15 கலோரி. ஒரு வேளைக்கு 500 கலோரி என்று வைத்தால் மூன்று கிலோவுக்கு மேல் வெள்ளரிக்காய் தின்ன வேண்டும். யாரால் முடியும்? அதே 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90, தேங்காயில் 350, வேர்க்கடலையில் 570. தட்டில் காய் மட்டும் இருந்தால் பசிக்கும். பசித்தால் பிஸ்கட், கறிபஃப், பப்பிள் டீ. மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

அதனால் தட்டில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள்: நறுக்கிய காய், வயிற்றில் நிற்கிற ஒன்று (ஊறவைத்த அவல் அல்லது வாழைப்பழம்), கொழுப்பும் புரதமும் உள்ள ஒன்று (தேங்காய், வேர்க்கடலை, ஊறவைத்த பாசிப்பருப்பு, தயிர்). பாதாம், பிஸ்தாவெல்லாம் வேண்டாம். வேர்க்கடலை அந்த வேலையைக் கால்வாசிக் காசில் செய்யும். பூசணம் பிடித்த வாசனை அடித்தாலோ பருப்பு சுருங்கிக் கறுத்திருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடலையில் வரும் பூஞ்சை நஞ்சு ஈரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அதற்கும் மேல் ஒருவருக்குப் பசித்தால் ஒரு கிண்ணம் சோறு வைத்துக் கொடுங்கள். விரதமா இருக்கிறோம்?

6. "அப்படின்னா என்னதான் செய்வீங்க? ஒண்ணு ரெண்டு சொல்லுங்க"

எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது கோசம்பரி. ராமநவமிக்குச் செய்கிற வடைபருப்புதான், காய் மட்டும் கூடுதல். பாசிப்பருப்பை, உடைத்துத் தோல் நீக்கியதை, நன்றாகக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளினால் சட்டென்று உடைய வேண்டும். நடுவில் மாவு மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். தண்ணீரைச் சொட்ட வடித்துவிட்டு, துருவிய கேரட், விதைப்பகுதி வழித்துப் பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கிளறி மூடி வையுங்கள். உப்பும் எலுமிச்சையும் உட்காருவதற்கு முன்னால்தான். முன்கூட்டியே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். கடுகு தாளிக்காமல் இறங்காது என்றால் தாளியுங்கள், நான் போலீஸ் இல்லை.

அடுத்தது வீட்டு ரொஜாக். பெங்குவாங், வெள்ளரி, அன்னாசி, புளிப்பு மாங்காய், பாதி பழுத்த கொய்யா, எல்லாம் ஒரே அளவுத் துண்டு. கடையில் இறால் விழுது போடுவார்கள். நான் கெட்டியாகக் கரைத்த புளி, வெல்லம், மிளகாய்த்தூள், உப்பு குழைத்து, வறுத்த வேர்க்கடலையைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவுகிறேன். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரே காய்கறி இதுதான்.

மலாய் வீடுகளில் உலாம் என்று ஒரு தட்டு வைப்பார்கள்: வல்லாரை, சிறகவரை, பயத்தங்காய், வெள்ளரி, பக்கத்தில் சம்பல். கேலாங் சிராய் சந்தையில் இதற்கான இலைகள் கட்டுக் கட்டாக இருக்கும். நம் வீட்டில் சம்பலுக்குப் பதில் தேங்காய்ச் சட்னியோ புதினாத் துவையலோ வைத்துக்கொள்ளலாம். சரி, சோம்பல் நாளைக்கு? தயிரில் ஊறிய அவல், மேலே மாதுளையோ நறுக்கிய ஆப்பிளோ. ஐந்து நிமிடம்.

7. "பயறை முளைகட்டிப் பச்சையா குடுத்தா நல்லதுன்னு சொல்றாங்களே?"

சத்து இருக்கிறது, மலிவுதான், வீட்டிலேயே செய்யலாம், எல்லாம் சரி. ஆனால் முளை வருவதற்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி வளர்வதற்கும் தேவை. சிங்கப்பூர்ச் சமையலறையில் இரண்டுக்கும் குறைவில்லை. விதைக்குள்ளேயே கிருமி ஒட்டியிருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் போகாது. 2011இல் ஜெர்மனியில் பரவிய கடுமையான ஈகோலை நோய்க்குக் காரணம் வெந்தய முளை என்று கண்டுபிடித்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் அடுக்களையில் சாதாரணமாகக் கிடக்கிற வெந்தயம்தான்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் முளையை ஆவி வரும்வரை நன்றாக வேகவைத்துப் போடுங்கள். சந்தையில் விற்கிற வெள்ளை முளைப்பயறுக்கும் இதே கதைதான். முன்பதிலில் சொன்ன கோசம்பரிக்குப் பருப்பு ஒரு மணி நேரம் மட்டும் ஊறுகிறது, முளைக்க விடுவதில்லை, உடனே சாப்பிட்டுவிடுகிறோம். அதனால் அதில் அபாயம் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் கூடினால் ஊறவைப்பது குளிர்பெட்டிக்குள்.

8. "எதை எதைப் பச்சையா சாப்பிடவே கூடாது?"

சிவப்பு ராஜ்மாவில் பச்சையாக இருக்கும்போது நஞ்சு உண்டு. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் வேகவைக்க வேண்டும். நாலைந்து பருப்பைப் பச்சையாகத் தின்றாலே வாந்தி வரும். மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாகும், பச்சையாகக் கடிக்கவே கூடாது. மொச்சையும் அப்படித்தான். சேம்பு வகைகள் வாயையும் தொண்டையையும் அரித்துவிடும். பச்சை நிறம் ஓடிய உருளைக்கிழங்கை வேகவைத்தும் சாப்பிடாதீர்கள். சோயா பச்சையாக ஆகாது. தௌஹூ, அதாவது சோயாவில் செய்கிற டோஃபு, ஏற்கெனவே வெந்தது, அது பரவாயில்லை.

பச்சை மாவு பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பாக்கெட் கோதுமை மாவு கிருமி நீக்கியதல்ல. கேக் மாவைப் பிள்ளைகள் விரலால் வழித்து நக்குவதை டிசம்பரில் எல்லா வீட்டிலும் பார்க்கலாம். தடுத்துவிடுங்கள்.

9. "கழுவுறதுக்கு உப்புத் தண்ணியா, வினிகரா, இல்ல கடையில விக்கிற லோஷனா?"

குழாய்த் தண்ணீர். இங்கே குழாயில் வருவது அப்படியே குடிக்கத்தக்க தண்ணீர், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலை இரண்டை உரித்துப் போடுங்கள். வல்லாரை, புதினாவை ஒரு பாத்திரத் தண்ணீரில் அலசி, மண் அடியில் தங்கியதும் இலையை மட்டும் மேலே எடுத்து, மறுபடி ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். பப்பாளி, தர்பூசணி போலத் தோலைச் சாப்பிடாத பழத்தையும் வெட்டுமுன் கழுவ வேண்டும், கத்தி தோலிலிருப்பதை உள்ளே கொண்டுபோகும்.

லோஷனைவிட முக்கியம் பலகை. கோழி வெட்டின பலகையில் வெள்ளரி வெட்டக் கூடாது. சமைக்கிற காய்க்கு அடுப்பு ஒரு காவல், பச்சைக் காய்க்கு அந்தக் காவல் இல்லை. இரண்டு நிறத்தில் இரண்டு பலகை வாங்கிவிடுங்கள். இதற்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

10. "பிள்ளைங்க தொடவே மாட்டேங்குதுங்க. ஜூஸ் போட்டுக் குடுத்தா போதாதா?"

போதாது. நாலு ஆரஞ்சு பிழிந்தால் ஒரு கோப்பை. சக்கரை முழுக்க உள்ளே, நார்ச்சத்து சக்கையோடு குப்பையில். அதே நாலு ஆரஞ்சைச் சுளையாகக் கொடுத்தால் நாலு பிள்ளைக்கு வரும். மெதுவாக அரைக்கும் ஜூஸ் மிஷின் விலையில் மாதக் காய்கறியே வாங்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள். தனித்தனிக் கிண்ணத்தில் நாலைந்து வகை, நடுவில் வேர்க்கடலைச் சட்னி. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றை ஒரு தடவை தள்ளினால் அடுத்த வாரம் வேறு வடிவில் வெட்டி வையுங்கள். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கவனம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை, முழுத் திராட்சை, வட்டமாக நறுக்கிய கேரட் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள், கேரட்டைத் துருவுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது.

11. "சமைச்சா சத்தெல்லாம் போயிடும், பச்சையாதான் எல்லாம் கிடைக்கும், சரிதானே?"

பாதி சரி. வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்தும் போகும், அதற்குப் பச்சைதான் நல்லது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சில் ஐம்பது சொச்சம்தான். விலையையும் சேர்த்துப் பார்த்தால் கொய்யாவை அடிக்க ஆளில்லை. மாறாகத் தக்காளியின் சிவப்புச் சத்தும் கேரட்டின் மஞ்சள் சத்தும் வெந்து, கொஞ்சம் எண்ணெயோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சைக் கேரட்டோடு தேங்காய் சேர்ப்பதில் ருசி மட்டுமில்லை, இந்தக் காரணமும் இருக்கிறது.

வைட்டமின் பி12 காய்கனியில் கிடையாது. ஒரு வேளை மட்டும் பச்சை என்றால் பால், முட்டை, மீன் மற்ற வேளைகளில் வந்துவிடும். முழுச் சைவமாகவும் முழுப் பச்சையாகவும் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டுகிற தட்டும் பாதிதான் காய்கனி. கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு வகை.

12. "மாமாவுக்கு கிட்னி பிரச்சினை, மாமிக்கு சுகரும் பிரஷரும். அவங்களுக்கும் இதையே வைக்கலாமா?"

அப்படியே வைக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஸ்டார் ஃபுரூட் ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலிருக்கும் நஞ்சை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். ரொஜாக்கில் யாராவது ஆசையாக நறுக்கிப் போடுவார்கள், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். வாழைப்பழம், தேங்காய், இளநீர், தக்காளியில் பொட்டாசியம் அதிகம், அவர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பொட்டாசியம் குறையும், பச்சையாகச் சாப்பிட்டால் அந்த வழி அடைபடுகிறது.

கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சிலவற்றோடு கிரேப்ஃபுரூட்டும் பம்ளிமாசும் சேராது, மருந்து ரத்தத்தில் கூடிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய்க்குப் பழம் ஆகவே ஆகாது என்றில்லை, ஜூஸ்தான் வேண்டாம். அவலும் வாழைப்பழமும் ஒரே வேளையில் கூடுதலாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது சாப்பிடுவதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

13. "சீனப் புத்தாண்டுக்கு ஆபீஸ்ல யூ ஷெங் கிளறுவாங்களே, பச்சை மீனு... வீட்டுல செய்யலாமா?"

சீவிய காயும் பச்சை மீனும் சேர்த்து எல்லாருமாக உயர்த்திக் கிளறுகிற கலவைதான் யூ ஷெங். வீட்டில் மீன் மட்டும் வேண்டாம். 2015இல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்ட பலர், பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி ஆபத்தான நிலைக்குப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து, அப்படியே பரிமாறுகிற பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்தவே தடை. ஈரச்சந்தையில் விற்கிற மீன் சமைப்பதற்கு உரியது. எவ்வளவு புதிதாகத் துள்ளினாலும் அதைச் சீவிப் பச்சையாக வைக்காதீர்கள்.

மீன் இல்லாமல் யூ ஷெங் அருமையாக வரும், செலவும் கொஞ்சம்தான். கேரட், வெள்ளை முள்ளங்கி, வெள்ளரியை நூல்போலச் சீவி, பம்ளிமாஸ் சுளை, எள், பொடித்த கடலை, மேலே பிளம் சாஸ். (பம்ளிமாசுக்கு முன்பதிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) உயர்த்திக் கிளறினால் பிள்ளைகள் தரையிலும் போடுவார்கள், கீழே பழைய செய்தித்தாள் விரித்துவிடுங்கள்.

14. "ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? விருந்தாளி வந்தா மேசையில எவ்வளவு நேரம் வைக்கலாம்?"

வெட்டிய பழமோ காயோ வெளியில் இரண்டு மணி நேரம்தான். நம் வெயிலில் நேராகச் சூடு பட்டால் அதற்கும் குறைவு. தேங்காய் போட்டதும் தயிர் போட்டதும் முதலில் கெடும். கடற்கரைக்கு வெட்டாமல் கொண்டுபோங்கள்: வாழைப்பழம், ரம்புத்தான், மாண்டரின் ஆரஞ்சு, முழு வெள்ளரி, ஒரு சின்னக் கத்தி. இரண்டு தண்ணீர்ப் போத்தலை முதல் நாள் இரவே உறைய வைத்துப் பையின் மேல்பக்கம் போட்டால் குளிர் கீழே இறங்கும். உருகியதும் அதையே குடிக்கலாம்.

விருந்து என்றால் பெரிய தட்டு நிறைய ஒரேயடியாக அடுக்காமல் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, தீரத் தீர வையுங்கள்.

15. "மிஞ்சிப் போனா? வெட்டினது எல்லாம் வீணாத்தானே போகும்?"

உப்பும் எலுமிச்சையும் கலக்காத காய் இரவுச் சமையலுக்குப் போகும். துருவிய கேரட்டும் முட்டைக்கோஸும் பொரியல், பெங்குவாங் வதக்கல், கோசம்பரிப் பருப்பு கூட்டு. முழுப் பச்சை உணவுக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு வேளைக்காரர்களான நமக்கு அடுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. தேங்காயை மட்டும் வேண்டிய அளவு துருவச் சொல்லி வாங்குங்கள், மீதியை அன்றைக்கே உறைபெட்டியில் தள்ளுங்கள். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைத் தூக்கிப் போடாதீர்கள், சுரைக்காய் போலவே கூட்டு வைக்கலாம்.

16. "வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு காரிடார்ல ஏதாவது வளர்க்க முடியுமா?"

புதினா முடியும். சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டு நாலைத் தண்ணீரில் வைத்து, வேர் விட்டதும் நட்டால் போதும். வல்லாரையும் தொட்டியில் படரும். பாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதே அந்தத் தட்டைத்தான். தக்காளி, குடமிளகாய் என்று ஆசைப்பட்டு மண்ணும் உரமும் வாங்கினால் அது பொழுதுபோக்கு, சிக்கனக் கணக்கில் எழுதாதீர்கள்.

17. "உண்மையைச் சொல்லுங்கக்கா, காசு மிச்சமாகுதா இல்லையா?"

எதற்குப் பதிலாக இதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் சோறும் பருப்பும் ரசமும் வைக்கிறவர்களுக்கு மிச்சம் ஆகாது, சில நாள் கூடவே ஆகும். அரிசி பருப்பை விட மலிவாக வயிற்றை நிரப்புவது எதுவும் இல்லை. அந்த வீடுகளுக்கு நான் சொல்வது, சோற்றை விடாதீர்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சடியைக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

லீவு நாளில் அடிக்கடி வெளியே சாப்பிடுகிறவர்களுக்கும் கைப்பேசியில் தட்டி வரவழைக்கிறவர்களுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததைப் பழக்கடையில் செர்ரியாகவும் ஸ்ட்ராபெரியாகவும் வாங்கித் தீர்ப்பவர்களையும் பார்க்கிறேன். டிசம்பரில் அவற்றை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள், மற்ற நாளுக்குப் பப்பாளியும் கொய்யாவும். ஒரு வாரத்து ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வெளிச்சாப்பாட்டையும் இனிப்புப் பானத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். முந்திய வாரத்தைவிடக் குறைந்திருந்தால் தொடருங்கள். குறையவில்லை என்றால் முதலில் 5ஆம் கேள்வியின் பதிலைப் பாருங்கள், பெரும்பாலும் யாரோ பசியோடு எழுந்து போயிருப்பார்கள்.